பசுவின் வயிற்றில் ஒரு கம்பி

சென்ற கல்வியாண்டின் பிப்ரவரி மாதக் கடைசி. ஒன்பதாம் வகுப்பில் ஒலி பாடத்தைத் திருப்புதல் செய்துகொண்டிருந்தேன். எதிரொலி, மீயொலி, சோனார் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, மருத்துவமனையில் எடுக்கும் ஸ்கேனைப் பற்றிச் சொன்னேன். நான்கு நாள் விடுப்புக்குப் பின் அன்றுதான் பள்ளிக்கு வந்திருந்த ஒரு மாணவி எழுந்து நின்றாள்.

"டீச்சர், மாட்டுக்கும் ஸ்கேன் எடுப்பாங்களா? எடுத்திருந்தா எங்க மாடு பொழைச்சிருக்குமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன்மா" என்றேன். தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆனது. அதில் உருவான பாடத்தைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

என்ன நடந்தது?

எங்கள் பள்ளி ஆம்பூரை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருக்கிறது. அப்பாக்கள் பலர் ஷூ கம்பெனிக்கோ தோல் ஷாப்புக்கோ வேலைக்குப் போகிறார்கள். அம்மாக்கள் சிலர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் அப்பர் தைக்கிறார்கள். இதோடு ஒரு பசு இருந்தால் பால் சொசைட்டிக்கு ஊற்றும் பணத்தில் வாரச் செலவு நடக்கும். அந்த மாணவியின் வீட்டிலும் அப்படி ஒரு கறவைப் பசு இருந்தது.

பசு இரை எடுப்பதைக் குறைத்தது. பாலும் குறைந்தது. வயிறு மந்தம் என்று நினைத்து வெற்றிலை, மிளகு, சீரகம் அரைத்து உருண்டையாகக் கொடுத்திருக்கிறார்கள். பத்து நாள் கழித்து, மார்பில் முன்னங்கால்களுக்கு நடுவே வீக்கம் கண்டபோதுதான் கால்நடை மருத்துவரை அழைத்தார்கள். அவர் கழுத்து நரம்பைப் பார்த்தார். கயிறு போலப் புடைத்திருந்தது. நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். குடத்துத் தண்ணீர் தளும்புவது போல ஒலித்தது. "கம்பி ஏதோ நெஞ்சுக்குப் போயிருக்கு" என்றாராம். மூன்றாம் நாள் பசு இறந்துவிட்டது.

கால்நடை மருந்தகத்துக்குச் சென்று அந்த மருத்துவரைச் சந்தித்தேன். காப்பீட்டுக்காகப் பிரேதப் பரிசோதனை செய்ததையும் அதில் கண்டதையும் பொறுமையாக விளக்கினார். நம் பாடநூலில் இருக்கும் உயிரியலும் இயற்பியலும் அவர் பேச்சில் ஒன்றாகவே வந்தன.

நான்கு அறைகளும் ஒரு கம்பியும்

அசைபோடும் விலங்கின் இரைப்பையில் ரூமென், ரெட்டிகுலம், ஒமேசம், அபோமேசம் என நான்கு அறைகள் உண்டு என்று கற்பிக்கிறோம். வளர்ந்த பசுவின் ரூமென் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் பெரிய தொட்டி. அதன் முன்னால், தேன்கூடு போன்ற உள்சுவருடன் இருப்பது ரெட்டிகுலம். அதற்கு முன்னால் உதரவிதானம். உதரவிதானத்தைத் தாண்டியதும் இதயம். வயிற்றுக்கும் இதயத்துக்கும் இடையிலான தூரம் சில விரற்கடைதான். இதை நான் அதுவரை எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

ஆடு உதட்டால் பொறுக்கித் தின்னும். பசு அப்படியில்லை. நாக்கால் வளைத்து இழுத்து, அரைகுறையாக மென்று விழுங்கிவிடும். பிறகு படுத்து நிதானமாக அசைபோடும். வைக்கோலோடு ஆணியோ கம்பியோ வந்தால் அதற்குத் தெரியாது. கனமான பொருள் ரெட்டிகுலத்தின் அடியில் போய்த் தங்கும். ரெட்டிகுலம் சுமார் நிமிடத்துக்கு ஒரு முறை சுருங்குகிறது. ஒவ்வொரு சுருக்கமும் கம்பியை ஒரு தள்ளு தள்ளும். கூர்முனை சுவரைத் துளைத்து, உதரவிதானத்தைத் தாண்டி, இதய உறையைத் தொட்டால் அங்கே சீழும் நீரும் சேரும். மாணவியின் பசுவுக்கு நேர்ந்தது இதுதான்.

கருவி எதைக் காட்டும், எதைக் காட்டாது?

எக்ஸ்ரே கதிர்களை ராண்ட்ஜன் 1895 நவம்பரில் கண்டுபிடித்தார். மறு ஆண்டே ஐரோப்பாவில் குதிரையின் குளம்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். இன்று சென்னை வேப்பேரியில், 1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் நாய், பூனை, பசு, குதிரை எல்லாவற்றுக்கும் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுக்கிறார்கள். ஆகவே மாணவியின் முதல் கேள்விக்கு விடை 'ஆம்'. இரண்டாவது கேள்விக்கு விடை அவ்வளவு எளிதல்ல.

எக்ஸ்ரே படம் என்பது ஒரு நிழல். எலும்பும் உலோகமும் கதிரைத் தடுப்பதால் படத்தில் தெளிவாகத் தெரிகின்றன. பாலித்தீன் பை கதிரைத் தடுப்பதில்லை; எனவே அது தெரிவதில்லை. கையில் தூக்கிச் செல்லும் சிறிய கருவி கன்றின் கால் எலும்பைக் காட்டும். வளர்ந்த பசுவின் நெஞ்சையும் வயிற்றையும் ஊடுருவ ஆற்றல் மிகுந்த பெரிய கருவி வேண்டும். அதற்குப் பசுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகவேண்டும்.

மீயொலி ஸ்கேனில் படத்தைத் தருவது எதிரொலி. திசுவிலிருந்து காற்றுக்குள் நுழையும் இடத்தில் ஏறக்குறைய எல்லா ஒலியும் திரும்பிவிடும். தோலுக்கும் கருவிக்கும் இடையே காற்று இல்லாதபடி களிம்பு தடவுவது இதனால்தான். ரூமெனின் மேற்பகுதியில் எப்போதும் வாயு இருப்பதால் அதற்கு அப்பால் உள்ளதை ஸ்கேனில் பார்க்க முடியாது. ஆனால் வயிற்றின் அடியில், மார்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் கருவியை வைத்தால் ரெட்டிகுலம் பிறை போலத் தெரியும். அது சுருங்குவதை எண்ணலாம். கம்பி பெரும்பாலும் தெரியாது. கம்பி செய்த வேலை தெரியும்: சுருக்கம் மந்தமாகியிருக்கும், சுற்றிலும் சீழ் கட்டியிருக்கும், இதயத்தைச் சுற்றி நீர் கறுப்பாகத் தெரியும்.

உலோகங்காட்டிக் கருவியையும் பயன்படுத்துவதுண்டு. அது உள்ளே உலோகம் இருப்பதைச் சொல்லும். அந்த உலோகம் சும்மா கிடக்கிறதா, குத்திக்கொண்டிருக்கிறதா என்று சொல்லாது.

கை செய்யும் வேலை

காலத்தோடு தெரிந்தால் அறுவை சிகிச்சை உண்டு. பெரும்பாலும் பசு நின்றபடியே இருக்கும். இடது விலாவுக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் மயிரை மழித்து, அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போடுவார்கள். தோலையும் தசையையும் அறுத்து, ரூமெனின் சுவரை வெளியே இழுத்துப் பொருத்திக்கொள்வார்கள்; உள்ளிருக்கும் தீனி வயிற்றறைக்குள் சிந்தக்கூடாது அல்லவா? பிறகு ரூமெனைத் திறந்து, மருத்துவர் தோள் வரை கையை விட்டு, முன்னால் ரெட்டிகுலம் வரை துழாவுவார். தேன்கூட்டுச் சுவரில் குத்தியிருக்கும் கம்பியை விரல்தான் கண்டுபிடிக்கும். எக்ஸ்ரேயில் தெரியாத பாலித்தீனையும் கைதான் எடுக்கவேண்டும்.

2019 அக்டோபரில் வேப்பேரி மருத்துவமனையில் நடந்த ஓர் அறுவை சிகிச்சை செய்தித்தாள்களில் வந்தது. திருமுல்லைவாயலைச் சேர்ந்த ஒரு பசு வலியால் தன் வயிற்றைத் தானே உதைத்துக்கொண்டிருந்ததை வளர்ப்பவர் கவனித்துக் கொண்டுவந்தார். ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடந்த சிகிச்சையில் 52 கிலோ பிளாஸ்டிக் எடுக்கப்பட்டது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை நடப்புக்கு வந்த அதே ஆண்டு அது. எங்கள் வகுப்பில் 52 கிலோவை மாணவர்கள் புரிந்துகொண்ட விதம் வேறு. "சார் வாங்கி வர்ற சத்துணவு அரிசி மூட்டையைவிட அதிகம், டீச்சர்" என்றான் ஒருவன்.

வகுப்பறையில் செய்தவை

1. வாளிச் சோதனை: தண்ணீர் நிரம்பிய வாளியில் நறுக்கிய வைக்கோல், தோல் துண்டு, பாலித்தீன் துண்டு, முனை மழுங்கிய ஆணி ஆகியவற்றைப் போட்டுக் கலக்கினோம். ஆணி அடியில் போய்த் தங்கியது. பாலித்தீன் வைக்கோலோடு சுற்றிக்கொண்டது. அடியில் ரெட்டிகுலம், மேலே ரூமென் என்று நான் சொல்லத் தேவையிருக்கவில்லை.

2. நிழல் சோதனை: ஓர் உறைக்குள் சாவி, தோல் துண்டு, பாலித்தீன் பை மூன்றையும் வைத்து, இருட்டறையில் பின்னாலிருந்து டார்ச் அடித்தோம். சாவியின் நிழல் தெளிவாக விழுந்தது. பாலித்தீனின் நிழல் விழவில்லை. "அப்ப மாட்டு வயித்துல இருக்கிற கவரை டாக்டர் எப்படிப் பார்ப்பாரு?" என்ற கேள்வி தானாக வந்தது. டார்ச் ஒளியும் எக்ஸ்ரேயும் ஒன்றல்ல. தோல் துண்டு ஒளியைத் தடுக்கும், எக்ஸ்ரேயைப் பெரிதாகத் தடுக்காது. இந்த வேறுபாட்டைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

3. எதிரொலிக் கணக்கு: உடல் திசுவில் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் செல்கிறது. அனுப்பிய ஒலி 0.0002 நொடியில் திரும்பி வந்தால், எதிரொலித்த இடம் எவ்வளவு ஆழம்? போய்வந்த தூரம் 0.308 மீட்டர், அதில் பாதி 15.4 செ.மீ. கடலின் ஆழத்தைக் கேட்கும் வழக்கமான கணக்கில் பாதியாக வகுக்க மறப்பவர்கள், இந்தக் கணக்கில் மறக்கவில்லை.

4. காந்தச் சோதனை: சில நாடுகளின் பால் பண்ணைகளில் பசுவுக்கு ஒரு காந்தத்தை விழுங்கக் கொடுக்கிறார்கள். அது ரெட்டிகுலத்தில் தங்கி, வரும் ஆணிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு பைக்குள் ஆணி, செப்புக் கம்பி, பாலித்தீன் மூன்றையும் வைக்கோலோடு போட்டுக் காந்தத்தால் தேடினோம். ஆணி மட்டுமே வந்தது.

5. பசு நாட்குறிப்பு: மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் ஒரு வாரம் குறித்து வந்தார்கள். தீனி எடுத்ததா? அசை போட்டதா? பால் எவ்வளவு? முதுகை வளைத்து நிற்கிறதா? படுக்கும்போதும் எழும்போதும் முனகுகிறதா? சரிவில் இறங்கத் தயங்குகிறதா? இடது வயிற்றுப் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்தால் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை வயிறு புரள்வது தெரியும். பெரியவர்கள் மாட்டைப் பிடித்துக்கொள்ளும்போது மட்டும் இதைச் செய்யச் சொன்னேன்.

தொடக்க வகுப்புகளில் இவ்வளவும் தேவையில்லை. வைக்கோல், புல், தவிடு, பிண்ணாக்கு, கவர், நூல், ஆணி ஆகியவற்றின் படங்களைப் பரப்பி 'மாட்டுக்குத் தீனி எது?' என்று பிரிக்கும் விளையாட்டு போதும். மீந்த சோற்றைக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டு வீசினால், பசுவால் முடிச்சை அவிழ்க்க முடியாது என்பதை ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் புரிந்துகொள்ளும்.

ஆசிரியர் கவனிக்க வேண்டியது

இந்தப் பாடத்தில் நான் ஏறக்குறையச் செய்துவிடவிருந்த ஒரு பிழையைச் சொல்லவேண்டும். ஊசி, ஆணி, தோல் துண்டு எல்லாம் வீட்டிலிருந்துதான் மாட்டுக்குப் போகின்றன என்று சொல்லத் தொடங்கியபோது அந்த மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். வகுப்பு முடிந்ததும் தனியாகக் கேட்டேன். அம்மா அப்பர் தைக்கும்போது ஓர் ஊசி காணாமல் போனதாம். அவள்தான் அன்று வாசலைக் கூட்டி, குப்பையை மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் தள்ளினாளாம். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மாதமாக அந்தக் குழந்தை இதைச் சுமந்துகொண்டிருந்தாள்.

பிரேதப் பரிசோதனையில் கிடைத்தது ஊசி அல்ல என்று மருத்துவர் என்னிடம் சொல்லியிருந்தார். அது விரல் நீளமுள்ள டயர் கம்பி. எங்கள் ஊரில் போகியன்று தெருமுனையில் டயர் எரிக்கிறார்கள். ரப்பர் எரிந்துபோகும், கம்பி துண்டு துண்டாகச் சாம்பலில் கிடக்கும். அந்த இடத்தில்தான் மாடுகள் மேய்கின்றன. அது யார் எரித்த டயர் என்று யாருக்கும் தெரியாது. இதைச் சொன்னதும் அவள் அழுதாள்.

ஊசியாகவே இருந்திருந்தாலும் அது அவள் குற்றமல்ல என்பதையும் சொன்னேன். நம் பகுதியில் தையல் வேலை பல வீடுகளின் சோறு. 'உங்கள் வீட்டுக் குப்பைதான் காரணம்' என்ற தொனி பாடத்தில் வந்துவிட்டால், குழந்தை அறிவியலை விட்டுவிட்டுக் குற்ற உணர்வை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும். 'என்ன செய்யலாம்?' என்று கேட்டால் வழிகளோடு போகும். எங்கள் மாணவர்கள் சொன்ன வழிகள் மூன்று: தைக்கும் இடத்தில் ஊசிக்கென்று மூடியுள்ள டப்பா, கூட்டும் முன் கயிற்றில் கட்டிய காந்தத்தால் தரையை ஒருமுறை தடவுதல், போகிக்கு டயர் எரிக்காமலிருத்தல். மூன்றாவதைத் தெருவில் சொல்ல வேண்டும் என்று அவர்களே ஊராட்சிக்கு ஒரு மனு எழுதினார்கள். தமிழ்ப் பாடத்தின் கடிதப் பயிற்சியும் அதில் முடிந்தது.

மாணவிக்குச் சொன்ன பதில்

நமக்கு அருகே ராணிப்பேட்டையில் 1932 முதல் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இயங்கி வருகிறது. அக்காலத்தில் ஊர் ஊராக மாடுகளைக் கொன்ற வெக்கை நோய், தடுப்பூசியால் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. கம்பிக்குத் தடுப்பூசி இல்லை. அதனால் முதலில் நோயைப் பிடிக்க வேண்டியது தினமும் மாட்டைப் பார்க்கும் கண்தான்.

அவளிடம் இப்படிச் சொன்னேன்: "மார்பு வீங்கின பிறகு ஸ்கேன் எடுத்திருந்தா, என்ன ஆச்சுன்னு தெரிஞ்சிருக்கும், காப்பாத்தியிருக்கிறது கஷ்டம். தீனி குறைஞ்ச முதல் ரெண்டு நாள்லயே டாக்டர் பார்த்திருந்தா, பிழைக்க வாய்ப்பு இருந்திருக்கும். உறுதியா சொல்ல முடியாதும்மா."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962ஐத் தன் அறிவியல் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். அன்று மாலை ஆயாவிடமும் சொல்லியிருக்கிறாள். ஜூன் மாதம் அவர்கள் வீட்டுக்கு ஒரு கிடேரி வந்தது. பத்தாம் வகுப்புக்குப் போய்விட்ட அவள், அதற்கும் ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கிறாள்.