சூடான விண்மீன் பிறப்பது குளிரில்

மாணவர்களே, ஜனவரி மாத இறுதியில் இரவு பத்து மணியளவில் மேகமில்லாமல் இருந்தால் அண்ணாந்து பாருங்கள். நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் வாழ்வதால் ஓரியன் உடுக்குழு ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே நிற்கும். மலாயில் இதைப் புருஜ் பெலாந்திக் என்று படித்திருப்பீர்கள். ஒரே வரிசையில் நிற்கும் மூன்று விண்மீன்களே அடையாளம். அவற்றுக்குத் தெற்கே மங்கலாகச் சில புள்ளிகள் தெரியும். அவற்றுள் நடுவில் இருப்பது பஞ்சுபோல் கலங்கியிருக்கும். அதுதான் சுமார் 1,300 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள ஓரியன் நெபுலா. அங்கே இன்றும் விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கின்றன.

விண்மீன் எதிலிருந்து உருவாகிறது என்று வகுப்பில் கேட்டால், "மிகவும் சூடான வாயு மேகத்திலிருந்து" என்ற விடைதான் அதிகம் வரும். அப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் உண்மை நேர்மாறானது. நெபுலாவில் நாம் காணும் ஒளிரும் பகுதி, ஏற்கெனவே பிறந்துவிட்ட பெரிய விண்மீன்களின் புற ஊதாக் கதிர்களால் சூடேறிய வாயு. சிறிய தொலைநோக்கி இருந்தால் அவற்றுள் நான்கு விண்மீன்களைப் பார்க்கலாம். புதியவை உருவாவதோ அதன் பின்னால் உள்ள இருண்ட மேகத்தில். அங்குள்ள குளிர்ந்த பகுதிகளில் வெப்பநிலை −250 பாகை செல்சியஸுக்கும் கீழே!

ஏன் இவ்வளவு குளிர் வேண்டும்? மேகத்தின் ஈர்ப்பு விசை வாயுவை உள்ளே இழுக்கிறது; வாயு அழுத்தம் வெளியே தள்ளுகிறது. வெப்பநிலை கூடினால் துகள்களின் வேகமும் அழுத்தமும் கூடும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே சூடான மேகம் எளிதில் சுருங்காது. குளிர்ந்து, போதிய நிறையும் உள்ள மேகமே தன்னுள் சரியும். அந்த நிறை எவ்வளவு என்பதற்கு 1902-இல் கணக்குப் போட்டவர் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜீன்ஸ்.

இங்கே ஒரு சிக்கல். சைக்கிளுக்குக் காற்றடித்தவுடன் பம்ப்பைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அமுக்கப்படும் வாயு சூடாகிறது. அப்படியானால் சுருங்கும் மேகமும் சூடேறி, அழுத்தம் கூடி, பாதியிலேயே நின்றுவிட வேண்டுமே? நிற்பதில்லை. மேகத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள் வெப்பத்தை ரேடியோ அலைகளாக வெளியேற்றுகின்றன. தூசித் துகள்கள் அதையே அகச்சிவப்புக் கதிர்களாகச் செய்கின்றன. மேகத்தின் நிறையில் தூசி நூற்றில் ஒரு பங்குதான். இருந்தும், வெளி விண்மீன்களின் ஒளி உள்ளே புகுந்து சூடேற்றாதபடி திரைபோல் மறைப்பதும் அதுதான். தூசி என்றால் துடைத்துப் போடவேண்டியது என்று நினைக்காதீர்கள்!

மையம் மிகவும் அடர்ந்த பிறகு கதிர்கள் எளிதில் வெளியேற முடியாது. வெப்பம் உள்ளேயே தேங்குகிறது. இந்தப் பருவத்தில் இருப்பதை முன்விண்மீன் என்கிறோம். சூரியனைப் போன்ற ஒன்றின் மையம் சுமார் ஒரு கோடி பாகையை எட்டும்போது ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாக மாறுகின்றன. அந்த ஆற்றல் ஈர்ப்புக்கு ஈடுகொடுக்க, சுருக்கம் நிற்கிறது. இதற்கு ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகள் ஆகும். சூரிய நிறையில் சுமார் 8 விழுக்காடுகூட இல்லாதவற்றால் இந்த இணைவைத் தொடர்ந்து நடத்த முடியாது. அவை பழுப்புக் குள்ளன்களாக மெல்ல மெல்லக் குளிர்ந்துபோகும்.

தூசித்திரைக்குள் நடக்கும் இவற்றைக் கண்ணுறு ஒளியில் காண இயலாது. அகச்சிவப்புக் கதிர்கள் தூசியைத் தாண்டி வரக்கூடியவை. 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அந்தக் கதிர்களில்தான் ஓரியன் நெபுலாவைப் படம் பிடித்திருக்கிறது.