கார்க் கண்ணாடியும் கட்டடக் கண்ணாடியும்

தில்லியில் கரோல் பாக் பக்கம் போயிருக்கும் மாணவர்கள், மோட்டார் காருக்கு வேண்டிய அணிபொருள்களை விற்கும் கடைகளை அங்கே கண்டிருப்பார்கள். இருக்கை உறை, ஒலிபெருக்கி, காலடி விரிப்பு ஆகியவற்றோடு கார்க் கண்ணாடிக்குக் கறுப்புப் பிலிம் ஒட்டுவதும் இத்தகைய கடைகளின் தொழில். 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஒன்று அத்தொழிலுக்குப் பேரிடியாக வந்தது. காரின் முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் நூற்றுக்கு 70 பங்கு ஒளியையேனும் உள்ளே விடவேண்டும், பக்கக் கண்ணாடிகள் 50 பங்கையேனும் விடவேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆவது விதி. கண்ணாடி தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பெற்றிருக்கவேண்டிய தன்மை இது. அதன்மேல் எத்தகைய பிலிமையும் ஒட்டலாகாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. மே 4ஆம் நாள் முதல் தடை நடைமுறைக்கு வந்தது. காவலர்கள் தெருவிலேயே காரை நிறுத்திப் பிலிமை உரிக்கத் தொடங்கினர்.

கத்தியும் ரப்பர் வழிப்பானும் பிடித்துப் பழகிய கைகள் அதன் பிறகு வேறு கண்ணாடியைத் தேடவேண்டியவை ஆயின. வீட்டுச் சன்னல், கடை முகப்பு, வங்கி, அலுவலகம் என்று கட்டடங்களில் கண்ணாடிக்குக் குறைவில்லை. பின்னர் 2021 ஏப்ரல் முதல் அந்த விதி திருத்தப்பெற்றது. பிளாஸ்டிக் ஏடு பொருந்திய பாதுகாப்புக் கண்ணாடிக்கும் அதில் இடம் கிடைத்தது. அதனைக் கொண்டு, 70, 50 என்னும் அளவுக்குக் குறையாமல் இருந்தால் பிலிம் ஒட்டுவது குற்றமாகாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது. எனினும் கட்டடத்திற்குச் சென்றவர்கள் பலர், இனியும் செல்வார்கள்.

காருக்கு ஒட்டத் தெரிந்தவனுக்கு வீட்டுக் கண்ணாடி ஒரு பொருட்டா என்று கேட்பது வழக்கம். வளைந்த கண்ணாடியில் சுருக்கமின்றி ஒட்டுகிறவன் தட்டையான கண்ணாடியில் ஒட்டமாட்டானா? ஒட்டுவான். ஒட்டியபின் அந்தக் கண்ணாடி உடையாமல் இருக்குமா என்பதுதான் கேள்வி. கார் அவனுக்குக் கற்றுக்கொடுக்காத பாடம் இது ஒன்றே. இதைத்தான் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும்.

முதலில் பிலிம் என்பது என்ன? பாலியெஸ்டர் என்னும் பிளாஸ்டிக்கின் மெல்லிய ஏடு அது. வெயிலைத் தடுப்பதற்காக ஒட்டுவது ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் தடிப்பு உடையது. கண்ணாடி உடைந்தால் சிதறாமல் பிடித்துக்கொள்ளும் பாதுகாப்புப் பிலிம் அதைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு தடிப்பு. ஒரு முகத்தில் பசை. பசையைக் காக்க உரித்தெறியும் தாள். மறு முகத்தில் கீறல் விழாமல் காக்கும் கடினப் பூச்சு. இடையில் சாயமோ, ஆவியாக்கிப் படியவைத்த உலோகமோ, மிக நுண்ணிய பீங்கான் வகைத் துகளோ இருக்கும். இந்தப் பிலிம் 1960களில் அமெரிக்காவில் கட்டடச் சன்னல்களுக்காகவே உருவாகியது. காருக்குப் பின்னால்தான் வந்தது. நம் தொழிலாளி எதிர்த்திசையில் பயணம் செய்கிறான், அவ்வளவுதான்.

ஞாயிற்றின் ஆற்றலில் புறஊதாக் கதிர் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளி பாதிக்குச் சற்றுக் குறைவு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் பாதி. ஆகவே கறுப்பாக இருப்பதெல்லாம் குளிர்ச்சி தரும் என்பது சரியன்று. வெறும் சாயப் பிலிம் ஒளியைக் குறைத்துவிட்டு, அகச்சிவப்பில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடக்கூடும். ஏறக்குறையத் தெளிவாகத் தோன்றும் பீங்கான் பிலிம் அதைவிட மிகுதியாக வெப்பத்தைத் தடுக்கலாம். காரில் கறுப்பு என்பது பாதி அழகுக்காக. வீட்டில் பகலிலேயே விளக்கேற்றவேண்டிய நிலை வந்தால் அந்த மின்விளக்கும் வெப்பம் தருமன்றோ?

தடுத்த வெப்பம் எங்கே போகிறது? உலோகப் பிலிம் ஒரு பங்கை வெளியே திருப்பி அனுப்புகிறது. கருஞ்சாயப் பிலிமோ தன்மேல் விழுவதில் பாதியளவுகூடத் தானே விழுங்கிக்கொள்ளும். விழுங்கிய வெப்பம் கண்ணாடியில் ஏறுகிறது. கண்ணாடியின் நடுப்பகுதி சூடேறி விரிய முயல்கிறது. சட்டத்திற்குள் புதைந்திருக்கும் ஓரம் வெயில் படாமல் குளிர்ந்தே இருக்கிறது. நடு விரிகிறது, ஓரம் விரியவில்லை. ஓரத்தில் இழுவிசை உண்டாகிறது. தடித்த கண்ணாடிக் குவளையில் கொதிநீரைச் சட்டென்று ஊற்றினால் என்ன நேரும் என்பது நமக்கெல்லாம் தெரியும். இங்கு நேர்வதும் அதுதான். மெல்ல நேர்கிறது, அவ்வளவே வேறுபாடு.

காரில் ஏன் இது நேர்வதில்லை? காரின் பக்கக் கண்ணாடி பதப்படுத்திய கண்ணாடி; கடைக்காரர்கள் ‘டப்பண்ட்’ என்பார்கள். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றை வீசித் திடீரென்று குளிரவைத்துச் செய்வது. அதன் மேற்பரப்பு எப்போதும் அழுத்தத்தில் இருப்பதால், நடுவிற்கும் ஓரத்திற்கும் 200 டிகிரி வேறுபாடு வந்தாலும் தாங்கும். சாதாரண வீட்டுக் கண்ணாடியோ ஏறத்தாழ 40 டிகிரி வேறுபாட்டிற்கே ஈடுகொடுக்கும். வெட்டிய ஓரத்தில் சிறு பிசிறு இருந்தால் அதுவும் இல்லை. காரில் பத்தாண்டு ஒட்டி ஒருமுறைகூட உடைக்காத கைகாரன், வீட்டில் முதல் வாரத்திலேயே ஒரு கண்ணாடியை இழக்கக் காரணம் இதுவே. அவன் கையில் குறை இல்லை, கண்ணாடி வேறு.

ஆகவே கட்டடத்திற்குள் நுழைந்ததும் அவன் செய்யவேண்டிய முதல் வேலை கண்ணாடியைப் படிப்பது. மூலையில் பதப்படுத்திய கண்ணாடிக்குரிய முத்திரை இருக்கிறதா? போலரைஸ்டு குளிர்கண்ணாடியை அணிந்து சாய்வாகப் பார்த்தால், பதப்படுத்திய கண்ணாடியில் மங்கலான புள்ளிகளோ வரிகளோ தெரியும். இயற்பியல் மாணவர்கள் இதன் காரணத்தை எளிதில் கண்டுகொள்வார்கள். எந்த அடையாளமும் இல்லையெனில் சாதாரணக் கண்ணாடி என்றே கொள்ளவேண்டும். உள்ளே கம்பிவலை புதைத்த கண்ணாடிக்கு வெப்பத்தை விழுங்கும் பிலிம் ஆகவே ஆகாது. ஓரத்தில் சில்லு பெயர்ந்த கண்ணாடிக்கும் ஆகாது. கண்ணாடியின் பாதியில் வெயிலும் பாதியில் மேற்கூரையின் நிழலும் விழுமா, கனத்த திரை உள்ளே தொங்குகிறதா, அலமாரியை ஒட்டித் தள்ளி வைத்திருக்கிறார்களா என்பவற்றையும் பார்க்கவேண்டும். ஒவ்வொன்றும் அந்த வேறுபாட்டைக் கூட்டும்.

இரட்டைக் கண்ணாடி இன்னும் கவனம் வேண்டுவது. இரண்டு தகடுகளுக்கு நடுவே காற்றை அடைத்து ஓரத்தை மூடியிருப்பார்கள், தொழிலில் ‘டி.ஜி.யு.’ என்பது இதைத்தான். உள்தகட்டில் பிலிம் ஒட்டினால் சூடு வெளியேற வழியின்றி அங்கேயே தங்கும். ஓர மூடியும் நாளடைவில் கெடலாம். போதாக்குறைக்கு, சில கண்ணாடிகளில் வெப்பக் கதிரைத் திருப்பும் மெல்லிய உலோகப் பூச்சு முன்பே இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஓர் அழகிய சோதனை உண்டு. மாலை மங்கலில் தீக்குச்சிச் சுடரைக் கண்ணாடியருகே பிடித்துச் சாய்வாகப் பாருங்கள். இரட்டைக் கண்ணாடிக்கு நான்கு முகங்கள் ஆதலின் நான்கு சுடர்கள் தெரியும். அவற்றுள் ஒன்று மட்டும் வேறு நிறமாக இருந்தால் பூச்சு அந்த முகத்தில் இருக்கிறது. நமக்கு மிக அருகில் தெரியும் சுடரே நிறம் மாறியிருந்தால் பூச்சு அறைப்பக்க முகத்தில் உள்ளது. அதன்மேல் பிலிம் ஒட்டுவது அந்தப் பூச்சின் பயனைக் கெடுப்பதாகும். ஐயத்திற்கு இடமானால் வெளிப்புறம் ஒட்டுவதற்கென்றே செய்த பிலிம் இருக்கிறது. மழையிலும் வெயிலிலும் கிடப்பதால் அதன் ஆயுள் குறைவு, விலையும் கூடுதல். எனினும் கண்ணாடி பிழைக்கும்.

இதில் நட்டம் யாருடையது என்பதையும் பேசாமல் இருக்கமுடியாது. பெரிய கண்ணாடி ஒன்று உடைந்தால், மாற்றும் செலவு நாட்கூலிக்காரனின் ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கிவிடும். பிலிமைத் தேர்ந்தெடுத்தவர் ஒப்பந்தக்காரர். கறுப்பே வேண்டும் என்றவர் வீட்டுக்காரர். பழி மட்டும் ஒட்டியவன்மேல். இது முறையன்று. வேலைக்கு முன்பே கண்ணாடியின் வகை, பிலிமின் வகை, உடைந்தால் பொறுப்பு யாருடையது என்பவற்றைத் தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கிவிடவேண்டும். பிலிம் செய்யும் நிறுவனங்கள் எந்தக் கண்ணாடிக்கு எந்தப் பிலிம் பொருந்தும் என்று அட்டவணை வெளியிடுகின்றன. அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், ஒட்டுகிறவன் கையில் சேர்வதில்லை. நம் பொறியியல் மாணவர்கள் ஓர் அட்டவணையையாவது எளிய தமிழில் எழுதித் தந்தால் ஊரில் பலருக்குப் பயன்படும்.

கைவேலையில் உள்ள வேறுபாடு சிறிதே. காரின் பின்கண்ணாடி இருபுறமும் வளைந்தது. பிலிமை வெளிமுகத்தில் விரித்து, ஹீட் கன்னால் சூடுகாட்டிச் சுருக்கி, வளைவுக்கு இணங்கச் செய்தபின் உள்ளே ஒட்டுவார்கள். பெரும்பாலும் அது சுருளின் நீளவாட்டத்தில்தான் நன்றாகச் சுருங்கும் என்பதையும் அறிந்து வெட்டுவார்கள். இந்த நுட்பம் முழுவதும் வீட்டில் வேண்டாததாகிவிடுகிறது. அங்கே வேண்டியது அகலத்தைச் சமாளிப்பது. ஆறடி உயரக் கண்ணாடிக்கு இரண்டு ஆள் இல்லாமல் பிலிமைத் தூக்கினால் அது தன்மேலேயே மடிந்து ஒட்டிக்கொள்ளும். குழந்தைகளுக்கான ஷாம்பு சில துளி கலந்த நீரைக் கண்ணாடியிலும் பசையிலும் தாராளமாகத் தெளித்து, இடம் பார்த்து நகர்த்தி, நடுவிலிருந்து ஓரத்திற்கு நீரை வழித்துத் தள்ளவேண்டும். நாலு பக்கமும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இடைவெளி விடுவது முறை. காரில் ஓரம் வரை ஒட்டிப் பழகியவர்களுக்கு இது மனம் ஒப்பாது. ஆனால் இடைவெளி இல்லையெனில் நீர் வெளியேறாது. சட்டத்தில் முட்டிய பிலிம் பின்னர் உரியும்.

ஒட்டுவதைவிடத் துடைப்பதற்கே நேரம் மிகுதி. சுண்ணாம்புத் துளி, சிமெண்டு, பழைய பெயிண்ட் எல்லாம் சன்னலில் இருக்கும். பிளேடால் சுரண்டும்போது சாதாரணக் கண்ணாடிக்கு அச்சமில்லை. பதப்படுத்திய கண்ணாடியின் ஒரு முகத்தில் சூளையிலிருந்து வந்த நுண்துகள் ஒட்டியிருக்கக்கூடும். பிளேடு அதை இழுத்து நீண்ட கீறல் போட்டுவிடும். மூலையில் சிறிது சோதித்துவிட்டே சுரண்டவேண்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், பறக்கும் தூசி ஒவ்வொன்றும் பிலிமுக்கடியில் ஒரு புள்ளியாகும்.

கூலி பேசுவதிலும் வேறுபாடு உண்டு. காருக்கு ஒரு வண்டிக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். கட்டடத்திற்குச் சதுர அடிக்கணக்கு. சுருளின் அகலம் 5 அடி, சன்னல் 4 அடிக்கு 3 அடி என்று வைத்துக்கொள்வோம். 4 அடியை அகலத்தில் வைத்து வெட்டினால் ஒரு சன்னலுக்கு 15 சதுர அடி பிலிம் செலவாகும். ஒட்டுவது 12 சதுர அடி. பத்துச் சன்னலுக்கு 30 சதுர அடி வீண். அளந்த கண்ணாடிக்கு மட்டும் விலை பேசியவன் வாங்கிய பிலிமில் ஐந்தில் ஒரு பங்கைக் கைப்பணத்திலிருந்து கொடுக்கிறான்.

எல்லாச் சன்னலுக்கும் ஒட்டவேண்டும் என்பதும் இல்லை. தில்லியில் சூன் மாத நண்பகல் வெயில் ஏறக்குறைய நம் தலைக்கு நேர்மேலே, 85 பாகை உயரத்தில் நிற்கும். தெற்குச் சன்னலில் அது நேராக விழுவது குறைவு. கீழைச் சன்னலும் மேலைச் சன்னலுமே கோடையின் வாயில்கள். திசம்பரில் அதே வெயில் 38 பாகைக்குத் தாழ்ந்து தெற்குச் சன்னல் வழியே அறைக்குள் நீளும். தில்லிக் குளிரில் அது நமக்குக் கிடைக்கும் இலவச அடுப்பு; அதைப் பிலிம் ஒட்டித் துரத்தலாமா? சென்னையில் இந்தச் சிந்தனைக்கே இடமில்லை. அங்கே குளிர்காலம் என்று ஒன்று இருந்தால்தானே! கட்டடங்களின் கண்ணாடி எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம் என்பதற்கு, 2007இல் வெளியாகி 2017இல் திருத்தப்பெற்ற ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பும் திசையைக் கருத்தில் கொண்டே அளவு வகுத்தது.

வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டியவை இரண்டு. உலோகப் பிலிம் பகலில் வெளியிலிருப்பவர் கண்ணுக்கு ஆடிபோல் தோன்றும். உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். இரவில் உள்ளே விளக்கெரிந்தால் இது தலைகீழாகிவிடும். எப்பக்கம் ஒளி மிகுதியோ அப்பக்கம் ஆடி. ஆகவே இரவில் திரை வேண்டும். மற்றொன்று, ஒட்டிய பிறகு சில நாள் கண்ணாடி மங்கலாகவும் நீர்க்கொப்புளத்தோடும் இருக்கும். அந்த நீர் பிலிம் வழியே மெல்ல ஆவியாகி வெளியேற 30 நாள் வரை ஆகலாம். தடித்த பாதுகாப்புப் பிலிமுக்கு இன்னும் கூடும். அதுவரை கழுவவும் வேண்டாம், கொப்புளத்தை ஊசியால் குத்தவும் வேண்டாம்.