வான்படையினரின் நச்சுக்காப்பு முகமூடியும் அதன் சோதனையும்

கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர் மூவர் இயற்றிய ‘கிதாபுல் ஹியல்’ என்னும் பொறிநூலில் ஏறத்தாழ நூறு கருவிகள் விளக்கப்பெற்றுள்ளன. அவற்றுள் ஒன்று, கெட்ட காற்றுத் தேங்கிய கிணற்றில் இறங்கும் தொழிலாளி மூச்சுவிடுவதற்கெனக் கருதப்பட்டது. உழைப்பவன் உயிரைக் காக்கப் பிறந்த அவ்வெண்ணம், போர்க்களத்திற்கு வேண்டியதாயிற்று 1915 ஏப்ரல் 22-க்குப் பின்னரே. அன்று பெல்ஜிய நாட்டு ஈப்ரெ நகரருகில் ஜெர்மானியப் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது.

தரைப்படை வீரனின் முகமூடியை அப்படியே விமானிக்கு அணிவித்தால் போதாதா என நாம் கேட்கலாம். போதாது. விமானி வானில் பறக்கையில் மட்டுமன்றி, தாக்குண்ட விமானதளத்தில் தங்குமிடத்திலிருந்து விமானம் வரை நடந்துசெல்லும் பொழுதும் நச்சுக்கு ஆளாகிறான். உடையில் ஒட்டிய நச்சுத்துளி உள்ளறைக்குள் ஆவியாகிறது. சாரின் போன்ற நரம்பு நச்சின் ஆவி, உயிரைப் பறிக்கும் அளவினும் மிகக் குறைந்த அளவிலேயே கண்ணின் பாவையை ஊசிமுனையளவாகச் சுருக்கிவிடும். தரையில் நிற்பவனுக்கு அது மருத்துவம் பெற்றுத் தீரும் துன்பம். இரவில் விமானத்தைத் தரையிறக்குபவனுக்கோ கருவிகளெல்லாம் இருண்டுபோகும் பேரிடர். ஆகவேதான் வான்படையினர்க்குரிய காப்பில், மூச்சுக்கு நிகராகக் கண்ணுக்கும் கவனம் தரப்படுகிறது.

இனிச் சோதனைக்கு வருவோம். கிளர்வூட்டப்பட்ட கரி அடைத்த வடிகட்டி எவ்வளவு சிறந்ததாயினும், முகமூடியின் விளிம்புக்கும் தோலுக்கும் இடையே மயிரிழை வழி இருந்தால் அனைத்தும் வீண். இதனை அறிய மக்காச்சோள எண்ணெயின் நுண்திவலைகள் பரவிய அறையில் முகமூடி அணிந்தவரை நிறுத்துவர். ஆழ்ந்து மூச்சிழுத்தல், தலையை இருபுறமும் திருப்புதல், மேலும் கீழும் அசைத்தல், உரக்கப் பேசுதல் எனப் பயிற்சிகளைச் செய்யச்சொல்லி, வெளியிலுள்ள செறிவை உள்ளேயுள்ள செறிவால் வகுப்பர். வெளியே 10,000 பங்கும் உள்ளே 1 பங்கும் இருப்பின் காப்புக் காரணி 10,000 ஆகும். உடையும் சேர்ந்த முழுக் காப்பைச் சோதிக்கக் கடுகு வாயுவுக்குப் பதிலாக மெத்தில் சாலிசிலேட் பயன்படுகிறது. நம் வீட்டு வலிநிவாரணித் தைலங்களில் மணக்கும் அதே பொருள்தான்! மெய்யான நச்சைக் கொண்டு செய்யவேண்டிய சோதனைகளுக்குச் செயற்கைத் தலையும் மூச்சுவிடும் பொறியும் உள்ளன.

விமானிக்கு இவை மட்டும் போதா. புவியீர்ப்பைப் போல் 9 மடங்கு விசையில் விமானம் வளைகையில் அரைக் கிலோ முகமூடி நாலரைக் கிலோவாய்க் கீழே இழுக்கும். அப்பொழுதும் அது நழுவலாகாது. உயரத்தில் அறைக்காற்று திடீரென வெளியேறினால் தலையுறைக்குள் உள்ள காற்று உப்பிப் பெருகும்; அதனைத் தாழழுத்த அறையில் நிகழ்த்திப் பார்க்கின்றனர். காதடைப்பு நீங்க மூக்கைப் பிடித்து ஊதவும் இயலவேண்டும்.

தாடியைப் பற்றியும் ஒரு சொல். ஈரான் - ஈராக் போரில் கடுகு வாயுவும் தாபுன் நச்சும் வீசப்பட்டதை 1984-இல் ஐ.நா. வல்லுநர் உறுதிசெய்தனர். தாடி வைத்திருந்த ஈரானிய வீரர்க்கு முகமூடி சரிவரப் பொருந்தவில்லை என அக்காலச் செய்திகள் கூறின. தாடியை நபிவழியெனப் போற்றும் நம்மவர்க்கு இது நெருடலாகத் தோன்றலாம். ஆயின் இது சமயத்தை நோக்கிய விதியன்று. மழிக்காமல் விட்ட இரண்டு நாள் மயிரும் அதே கசிவைத் தரும். முகத்தில் ஒட்டாத தலையுறைக்குள் தூய காற்றை விசிறியால் செலுத்தும் முறை தொழிற்சாலைகளில் தாடியுள்ளோர்க்கு உதவுகிறது. உயிர்வளி முகமூடி முகத்தோடு ஒட்டியே ஆகவேண்டிய போர்விமானிக்கு அவ்வழி முழுமையாகத் திறக்கவில்லை.

சோதிப்பவர் யார், சோதிக்கப்படுபவர் யார் என்னும் வினாவை நம் நூல்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. 1953 மே 6 அன்று இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் ஆய்வுக்கூடத்தில் ரொனால்ட் மேடிசன் என்னும் 20 அகவை விமானப்படை இளைஞர் சோதனை அறையில் அமர்ந்தார். முகமூடி அணிந்திருந்தார், மூச்சு காக்கப்பட்டது. கையில் கட்டிய துணியின்மேல் 200 மில்லிகிராம் சாரின் சொட்டப்பட்டது. துணி வழியே எவ்வளவு நச்சு தோலுக்குள் செல்லும் என்பதே ஆய்வு. அவர் ஒரு மணி நேரத்திற்குள் மாண்டார். தன்னார்வலர் பலர், தாம் சளிக்காய்ச்சலுக்கு மருந்து காணும் ஆய்வில் பங்குகொள்வதாகவே எண்ணியிருந்தனர். விபத்தென முதலில் மூடப்பட்ட அவ்வழக்கு மீண்டும் விசாரிக்கப்பட்டு, 51 ஆண்டுகள் கழிந்து, 2004 நவம்பரில் அச்சாவு சட்டத்திற்குப் புறம்பான கொலையென நடுவர் குழு தீர்ப்பளித்தது. 2008-இல் பிரிட்டிஷ் அரசு, அங்குச் சோதனைக்குள்ளான 360 பேர்க்கு 30 இலட்சம் பவுண்டு வழங்க இசைந்து, மன்னிப்பும் கோரிற்று.