புது வீட்டின் முதல் ஆண்டு: தண்ணீரில் தொடங்குவோம்



சொந்த வீடு என்பது நம் குடும்பங்களில் பலருக்கும் பத்து, பதினைந்து வருட உழைப்பு. வளைகுடா வெயிலில் நின்று அனுப்பிய பணம், நகை விற்ற பணம், சீட்டுப் பணம், உறவினரிடம் வாங்கிய கைமாற்று எல்லாம் சேர்ந்துதான் நான்கு சுவர் எழும்புகிறது. குடிபுகுந்த சூட்டோடு அடுத்த செலவுப் பட்டியலும் தொடங்கிவிடும். ஃபால்ஸ் சீலிங், வாசலுக்கு கிரானைட், வரவேற்பறைச் சுவருக்கு அலங்கார ஒட்டுத்தாள் என்று அது நீளும். ஐப்பசி மழையில் கூரையில் ஓதம் இறங்கினால் முதலில் பாழாவது இந்த அலங்காரங்கள்தான்.

ஆகவே புது வீட்டுக்காரர்கள் முதல் ஆண்டில் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று: அழகுக்குச் செலவு செய்யும் முன் தண்ணீரைக் கவனியுங்கள். வீட்டுக்குள் வரக்கூடாத தண்ணீரைத் தடுப்பது, வீணாகும் தண்ணீரை நிறுத்துவது, மேலிருந்து வரும் மழையைச் சேமிப்பது ஆகிய மூன்று வேலைகளில் பெரும்பகுதியை நீங்களே செய்யலாம். குடும்பத் தலைவர் வெளிநாட்டில் இருந்தாலும், வீட்டில் இருக்கும் பெண்களும் பிள்ளைகளும் செய்யக்கூடியவையே இவற்றில் அதிகம். நாம் தொடவே கூடாத வேலைகளும் உண்டு. அவற்றையும் இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. மொட்டை மாடியைச் சோதியுங்கள்

மழைக்காலம் வருமுன், ஆவணி அல்லது புரட்டாசியில் இதைச் செய்யுங்கள். மாடியைக் கூட்டிச் சுத்தமாக்கி, வடிகுழாய்களின் வாயைத் துணியும் களிமண்ணும் வைத்து அடையுங்கள். ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் விடுங்கள். பிறகு கீழே வந்து ஒவ்வொரு அறையின் கூரையையும், மின்விசிறிக் கொக்கியைச் சுற்றியுள்ள இடத்தையும், சுவரும் கூரையும் சேரும் மூலைகளையும் பாருங்கள். ஈரத் திட்டு தெரிந்தால் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, தேதி எழுதி, படம் எடுத்து வையுங்கள். ஒப்பந்தக்காரரிடம் பேசும்போது வாய்ச்சொல்லைவிட இந்தப் படம் உதவும். கடைசித் தவணை கொடுக்கும் முன்பே இந்தச் சோதனையை முடித்துவிட்டால் இன்னும் நல்லது.

அடைப்பை எடுத்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. தண்ணீர் எல்லாம் வடிந்ததும் எங்காவது குட்டையாகத் தேங்கி நிற்கிறதா என்று பாருங்கள். தேங்கினால் அந்த இடத்தில் வாட்டம் சரியில்லை என்று பொருள். சுண்ணாம்புக் கட்டியால் அடையாளமிட்டு, கொத்தனாரை வைத்து அந்த இடத்தை மட்டும் சரிசெய்தால் போதும்.

புதுச் சுவரில் மயிரிழை வெடிப்பு வருவது சகஜம். எல்லாவற்றுக்கும் பயப்படத் தேவையில்லை. வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்தும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை என்றால், அது பூச்சு வெடிப்பாகவே இருக்கும். சுரண்டிச் சுத்தம் செய்து, கடையில் கிடைக்கும் வெடிப்பு நிரப்பும் பசையை வைத்து அடைத்துவிடலாம். வெடிப்பு நீண்டுகொண்டே போனாலும், தூணிலோ பீமிலோ இருந்தாலும், கைவைக்காமல் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

சுவர் இடுக்கிலும் வடிகுழாய் ஓரத்திலும் அரசங்கன்று முளைத்தால், இரண்டு இலையாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். வேர் உள்ளே இறங்கிவிட்டால் சுவரை உடைக்காமல் எடுக்க முடியாது.

2. கண்ணுக்குத் தெரியாத கசிவைக் கண்டுபிடியுங்கள்

இரவு எல்லோரும் படுத்த பிறகு மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தை ஒரு குச்சியில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். விடியும் முன், யாரும் குழாயைத் திறப்பதற்கு முன்னால், மீண்டும் அளந்து பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது.

முதல் சந்தேகம் கழிவறையின் ஃபிளஷ் தொட்டி மேல் விழட்டும். தொட்டி மூடியைத் திறந்து சில துளி சொட்டு நீலம் விடுங்கள். அரை மணி நேரம் யாரும் பயன்படுத்த வேண்டாம். கீழே கோப்பையில் நீலம் தெரிந்தால், தொட்டியின் அடியிலுள்ள ரப்பர் அடைப்பான் தேய்ந்திருக்கிறது. அந்த ரப்பரை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்து சொட்டும் குழாய்கள். ஒரு டம்ளரை ஒரு மணி நேரம் குழாயடியில் வையுங்கள். 200 மில்லி சேர்ந்தால் ஒரு நாளைக்கு 4.8 லிட்டர், மாதத்துக்கு ஏறக்குறைய 144 லிட்டர் வீணாகிறது. பழைய வகைத் திருகு குழாயானால் வாஷர் தேய்ந்திருக்கும். முதலில் கேட் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து, உள்ளே நிற்கும் தண்ணீர் வடிந்த பிறகு ஸ்பானரால் மேல்பகுதியைக் கழற்றி, வாஷரை மாற்றுங்கள். கடைக்குப் போகும்போது பழைய வாஷரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அரைச் சுற்றில் திறக்கும் புது வகைக் குழாய்களில் வாஷர் இருக்காது. உள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜை முழுதாக மாற்ற வேண்டும்.

குழாயைச் சுவரில் பொருத்தும்போது மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவோம். மரையின் முனையை உங்கள் பக்கம் வைத்து, கடிகார முள் சுற்றும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது டேப் பிரிந்து வந்துவிடும்.

3. மழையைக் கணக்குப் பாருங்கள்

தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால் பல வீடுகளில் அது பெயருக்கு ஒரு குழாயாக நின்றுவிடுகிறது. கணக்கைப் பார்த்தால் அதன் அருமை புரியும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 1000 சதுர அடி மாடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். அதில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 930 லிட்டர். ஆண்டுக்கு 90 சென்டிமீட்டர் மழை என்று வைத்து, ஐந்தில் ஒரு பங்கு ஆவியாகவும் சிதறியும் போனதாகக் கழித்தாலும், 65,000 லிட்டருக்கு மேல் மிஞ்சும். 12,000 லிட்டர் லாரி ஐந்து நடைக்கு மேல் வந்ததற்குச் சமம்.

மாடியிலிருந்து இறங்கும் குழாயைத் தெருவில் விடாமல் உறிஞ்சு குழிக்குத் திருப்புங்கள். மூன்று அடி நீளம், மூன்று அடி அகலம், ஐந்து அடி ஆழம் கொண்ட குழி ஒரு சிறிய வீட்டுக்கு நல்ல தொடக்கம். அடியில் பெரிய செங்கல் துண்டுகள், அதன்மேல் ஜல்லி, மேலே மணல் என நிரப்புங்கள். குழி அஸ்திவாரத்திலிருந்து பத்து அடியாவது தள்ளி இருக்கட்டும். செப்டிக் டேங்கிலிருந்து முடிந்த அளவு தூரமாக இருக்க வேண்டும். தோண்டும்போது பக்கவாட்டு மண் சரியும் என்று தோன்றினால் ஆள் வைத்துச் செய்யுங்கள். குழிக்குள் பிள்ளைகளை இறக்க வேண்டாம்.

கிணறு உள்ளவர்கள் மழைநீரை நேராகக் கிணற்றில் விடாமல், கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய வடிகட்டும் தொட்டி வழியாக விட வேண்டும். பருவத்தின் முதல் மழை மாடித் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். அதை வெளியே விட்டுவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மேல் மணலை வாரி அலசிப் போட்டால்தான் குழி உறிஞ்சும்.

4. தோட்டம்: எதை எங்கே வைப்பது?

ஒளு செய்த தண்ணீரில் சோப்பு இல்லை. ஒளு செய்யும் இடத்திலிருந்து ஒரு தனிக் குழாய் போட்டுவிட்டால் அது எந்தச் செடிக்கும் நேராகப் போகலாம். குளியலறை, துணி துவைக்கும் இடத்துத் தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் விடுங்கள். கீரைக்கு அது வேண்டாம். கழிவறைத் தண்ணீர் எந்தச் செடிக்கும் ஆகாது.

வேம்பும் புங்கையும் நிழல் தரும் நல்ல மரங்கள். ஆனால் சுவரை ஒட்டியோ, செப்டிக் டேங்க் அருகிலோ, மின்கம்பிக்குக் கீழோ வைக்காதீர்கள். முருங்கைக் கிளை எளிதில் முறியும் என்பதால் அதையும் கூரைக்கும் கம்பிக்கும் தள்ளியே வையுங்கள். சிறிய மனையில் கறிவேப்பிலை, எலுமிச்சை, ஒரு வாழை, தொட்டியில் கத்தரி, மிளகாய் ஆகியவற்றோடு தொடங்கினால் சமையலுக்குப் பயன்படும்.

மாடித்தோட்டம் போடுபவர்கள் எடையைக் கவனிக்க வேண்டும். 40 லிட்டர் பிடிக்கும் பையில் ஈர மண் நிறைந்தால் 60 கிலோவுக்கு மேல் வரும். மண்ணோடு தென்னை நார்க்கழிவும் மட்கிய உரமும் கலந்தால் எடை வெகுவாகக் குறையும். பைகளை மாடி நடுவில் குவிக்காமல், கீழே சுவரோ பீமோ உள்ள வரிசையில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் அடியில் செங்கல் கொடுத்து உயர்த்தினால் தளம் காயும்.

உரத்துக்கும் காசு வேண்டாம். அடியில் துளையிட்ட பழைய பானையில் காய்கறித் தோல் ஒரு பங்கு, காய்ந்த இலை இரண்டு பங்கு என மாற்றி மாற்றிப் போட்டு மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை கிளறினால் இரண்டு, மூன்று மாதத்தில் உரம் தயார். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். இன்னும் காய்ந்த இலை சேருங்கள்.

தேங்கும் தண்ணீரில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். எனவே தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்தட்டு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் வாரம் ஒருநாள் கவிழ்த்துக் காயவிடுங்கள். தண்ணீர் பிடித்து வைக்கும் பாத்திரங்களின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு இருக்கும். செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய் முனையில் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிடுங்கள்.

5. நாம் கைவைக்கக் கூடாத வேலைகள்

பணத்தை மிச்சப்படுத்த நினைத்து உயிரை இழக்கக் கூடாது. செப்டிக் டேங்குக்குள் எக்காரணம் கொண்டும் யாரும் இறங்கக் கூடாது. உள்ளே தேங்கும் விஷவாயு சில நொடிகளில் மயக்கமடையச் செய்யும். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. புதிதாகக் கட்டி, இன்னும் பயன்படுத்தாத சம்ப்பும் செப்டிக் டேங்கும்கூட ஆபத்தானவையே. மூடிக் கிடக்கும் தொட்டியில் சென்டரிங் பலகை ஈரத்தில் மட்கும்போது உள்ளேயுள்ள பிராணவாயு தீர்ந்துபோகிறது. பலகை பிரிக்க இறங்கியவர்கள் மயங்கி விழுவதும், காப்பாற்றப் பின்னால் குதித்தவர்களும் இறப்பதும் நம் மாநிலத்தில் திரும்பத் திரும்ப நடக்கிறது. யாராவது உள்ளே விழுந்தால் நீங்களும் இறங்காதீர்கள். உடனே 101, 108 எண்களை அழையுங்கள். கழிவை அகற்ற உறிஞ்சும் லாரியைத்தான் கூப்பிட வேண்டும். மனிதரை இறக்கி அபாயகரமாகச் சுத்தம் செய்விப்பது 2013 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

மீட்டர் பெட்டி, மெயின் போர்டு, எர்த் இணைப்பு ஆகியவை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனுக்கு உரியவை. நீங்கள் கவனிக்க வேண்டியது, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி பொருத்தியிருக்கிறார்களா என்பது. அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். உடனே மின்சாரம் துண்டிக்க வேண்டும். துண்டிக்கவில்லை என்றால் எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

அலமாரி மாட்டச் சுவரில் துளையிடும்போது சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் துளையிடாதீர்கள். பெரும்பாலும் கம்பிக் குழாய் அந்த வழியில்தான் போகும். தூணையும் பீமையும் குடையவோ வெட்டவோ கூடாது. கழிவறை கழுவும் ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாக ஊற்றாதீர்கள். எழும்பும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும். சமையல் வாயு கசிந்து நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள், சன்னல்களைத் திறங்கள், எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906 எண்ணை அழையுங்கள்.

இந்த வாரத்துக்கான பயிற்சி

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் வீட்டின் வரைபடத்தைக் கையால் வரைந்து, கேட் வால்வுகள், மெயின் சுவிட்ச், செப்டிக் டேங்க் மூடி, தண்ணீர்க் குழாய் போகும் வழி ஆகியவற்றைக் குறியுங்கள். இன்னும் பூசாத சுவர் இருந்தால் உள்ளே போகும் குழாய்களைப் படம் எடுத்து வையுங்கள். வீட்டிலுள்ள பெரிய பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை எல்லோரும் மெயின் சுவிட்சையும் கேட் வால்வையும் தாங்களே ஒருமுறை மூடித் திறந்து பழகட்டும். பிறகு தொட்டி மட்டச் சோதனை, சொட்டு நீலச் சோதனை இரண்டையும் செய்து முடிவைத் தேதியோடு எழுதுங்கள்.

ஒரு மழைக்காலம் முழுவதும் இப்படிக் கவனித்து எழுதி வந்தால், எந்தச் சுவர் ஈரம் வாங்குகிறது, எந்த மூலையில் தண்ணீர் நிற்கிறது, தோட்டத்தில் எங்கே வெயில் விழுகிறது என்பதெல்லாம் உங்களுக்கே தெரிந்துவிடும். அதன்பின் செய்யும் வர்ணமும் அலங்காரமும் இன்ஷா அல்லாஹ் பல்லாண்டு நிலைக்கும்.