யாழ்ப்பாணத் தோட்டமும் தைவான் தோட்டமும்

கிழக்காசியாவின் எழுச்சி என்றவுடன் வானொலிப் பெட்டிகளும் மோட்டார் வாகனங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. அந்த எழுச்சி வயலிலும் தோட்டத்திலும் தொடங்கியது என்பதைக் கமக்காரராகிய நாம் அறிந்திருத்தல் வேண்டும். ஏறத்தாழ அதே காலத்தில் நமது குடாநாட்டிலும் ஓர் எழுச்சி உண்டானது. அங்கே அது நிலைத்தது. இங்கே ஏழு ஆண்டுகளில் தளர்ந்தது. காரணம் என்ன என்பதே இப்பாடம்.

முதலில் நமது நிலம். சுமார் 1,000 சதுர கிலோமீற்றர் சுண்ணாம்புக்கல் மேடை இது. ஆறு என்று சொல்வதற்கு மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்றுதான் உண்டு. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை கல்வெடிப்புகளால் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதே இதற்குக் காரணம். கடல்மட்டத்திற்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது கணக்கு. ஆகவே மேலே ஓர் அடியை இறைத்துத் தீர்த்தால், காலப்போக்கில் உவர்நீர் 40 அடி மேலேறும். துலா மிதித்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவல். இறைப்பு இயந்திரத்துக்குக் களைப்பு இல்லை.

விற்பதற்காகப் பயிரிடுவது நமக்குப் புதிதன்று. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய செமினரியும் அதன் வழிவந்த பாடசாலைகளும் எழுதுவினைஞர்களை உருவாக்கின. மலாயாவிலும் கொழும்பிலும் உழைத்த பணம் ஊரில் கிணறாகவும் கல்வீடாகவும் மாறியது. 1905இல் புகையிரதம் காங்கேசன்துறையை அடைந்தபின் தெற்கின் சந்தையும் அருகில் வந்தது.

1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு வெளிநாட்டு வெங்காயத்தையும் செத்தல் மிளகாயையும் கட்டுப்படுத்தியது. விலை ஏறியது. செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் நிறைந்தன. படித்த இளைஞர் விசுவமடு, முத்தையன்கட்டு வரை போய் மிளகாய் நட்டார்கள். 1977இன் பின் ஜே. ஆர். ஜயவர்தன அரசு இறக்குமதியைத் திறந்துவிட்டது. விலை விழுந்தது. நமது கமக்காரர் சோம்பேறியானதால் அன்று. சந்தையின் வாசற்கதவு கொழும்பில் இருந்ததால்.

தைவான் இலங்கையின் பாதிக்குச் சற்றுப் பெரிய தீவு, பெரும்பகுதி மலை. 1949இல் சீனாவின் உள்நாட்டுப் போரிலிருந்து பத்து இலட்சத்திற்கும் அதிகமானோர் அங்கே வந்து குவிந்தனர். அதே ஆண்டு குத்தகை முதன்மை விளைச்சலில் நூற்றுக்கு 37.5இற்கு மேற்படலாகாது என விதிக்கப்பட்டது. 1953இல் காணி உடையவர்களிடம் ஓரளவை விட்டுவிட்டு எஞ்சியதை அரசு வாங்கி, உழுதவர்களுக்குப் பத்தாண்டுத் தவணையில் விற்றது. காணி தன்னுடையது என்றானபின் மண்ணைத் திருத்தக் கமக்காரர் தயங்கவில்லை. கமக்காரர் சங்கங்கள் கடனும் களஞ்சியமும் சந்தையும் நடத்தின. வைக்கோலில் காளான் வளர்த்து, பேணியில் அடைத்து ஏற்றுமதி செய்தார்கள்.

அங்கே எல்லாம் நன்மை என்று எண்ணிவிட வேண்டாம். 1987 வரை இராணுவச் சட்டம் இருந்தது. 1973 வரை பசளைக்குப் பதிலாக நெல்லை வாங்கிய அரசு, அந்த மாற்றில் கமக்காரரிடமிருந்து கூடுதலாகவே பெற்றுக்கொண்டது.

நம்மிடம் குறைந்தது இரண்டு. நல்ல விலை கிடைத்த ஏழு ஆண்டுகளில் அரைத்து, உலர்த்தி, அடைத்து விற்கும் வேலைகளை ஊரில் போதியளவு நிறுத்தவில்லை. அடுத்தது காணி. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வயல் செய்வோருக்குப் பாதுகாப்புத் தந்தது. தோட்டக்காணிக்கு அது பொருந்தவில்லை. வெங்காயத்துக்கு நீர் கட்டியவர்களில் பலருக்கு ஒரு பரப்புக் காணியும் சொந்தமில்லை. சாதியால் ஒதுக்கப்பட்டவர்களே இவர்களில் மிகுதி. அந்தச் செழிப்பைப் பொற்காலம் என்று பேசுவோர் இதையும் சேர்த்துப் பேசுவதே நீதி.

பின்னர் 1990இல் வலிகாமம் வடக்கும் 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தன. 2009இன் பின் காணிகள் கட்டங்கட்டமாக விடப்பட்டபோது, திரும்பியோர் கண்டது பற்றைக்காடும் தூர்ந்த கிணறுகளும். ஈசாக்கும் தன் தகப்பன் வெட்டி, பிறர் தூர்த்த கிணறுகளையே மறுபடி தோண்டினான் என்று ஆதியாகமம் 26 கூறுகின்றது. தோண்டியவுடன் குடித்துவிடக் கூடாது. குப்பையை எடுத்து, பலமுறை இறைத்து, நீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். பசளை மிகுந்த தோட்டங்களின் கிணற்றில் நைத்திரேற்று சேரும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் அது போகாது. பால்மா கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைக்கு ஆபத்து.

குழுவாகப் படிப்போர் பேசுவதற்கு: நமது கிராமத்தில் இறைத்துப் பயிர் செய்யும் எத்தனை குடும்பங்களுக்குக் காணி சொந்தம், எத்தனை குடும்பங்களுக்குக் குத்தகை? குத்தகைக் காலம் ஒரு போகமா, ஐந்து ஆண்டா? வெங்காய விலை விழும் மாதத்தில் அதை வைத்திருக்கக் களஞ்சியம் எங்கே உண்டு?