வடபுலத்து வீடும் மரமும்

நுழையும்முன்

ஒரு நாட்டின் வெயிலும் பனியும் அந்நாட்டு மக்கள் உடுக்கும் உடையைத் தீர்மானிக்கின்றன. அவர்கள் அமரும் நாற்காலியையும் தீர்மானிக்கின்றன. ஐரோப்பாவின் வடபகுதியில் உள்ள வீடுகளின் கூடம் உலகெங்கும் பலரால் விரும்பிப் பின்பற்றப்படுகிறது. வெண்ணிறச் சுவர், வெளிர்நிற மரத்தளம், அளவான அறைகலன்கள் ஆகியவை அதன் அடையாளங்கள். இவ்வடிவம் எவ்வாறு தோன்றியது? அதில் மரத்திற்கு ஏன் இவ்வளவு சிறப்பிடம்? அம்மரம் எங்கிருந்து வருகிறது? இவற்றுக்கு விடை காண்போம்.

ஒளி குறைந்த நாடுகள்

டென்மார்க், நார்வே, சுவீடன் ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்தது ஸ்காண்டிநேவியா எனப்படும். அண்டை நாடான பின்லாந்தும் கட்டடக் கலையிலும் அறைகலன் கலையிலும் இவற்றோடு சேர்த்தே பேசப்படுகிறது. சுவீடனின் தலைநகரமான ஸ்டாக்ஹோமில் திசம்பர் மாதத்தின் மிகக் குறுகிய பகலில் ஏறத்தாழ ஆறு மணி நேரமே சூரியன் அடிவானத்திற்கு மேலே இருக்கும். இன்னும் வடக்கே சென்றால், சூரியன் உதிக்காத நாள்களும் உண்டு.

இத்தகைய நாடுகளில் மக்கள் குளிர்காலத்தின் பெரும்பகுதியை வீட்டுக்குள்ளேயே கழிக்கின்றனர். எனவே, கூடத்திற்குள் வரும் சிறிதளவு ஒளியும் வீணாகாமல் இருக்கவேண்டும். கருநிற மரம் ஒளியை உள்வாங்கிக்கொள்ளும். வெளிர்நிற மரம் அதைத் திருப்பி அனுப்பும். பைன், பிர்ச், ஆஷ், பீச் ஆகியவை வெளிர்நிற மரங்கள். இவற்றுள் பைனும் பிர்ச்சும் வடபுலத்துக் காடுகளில் மிகுதியாக வளர்பவை. அருகில் கிடைத்த மரமே தேவைக்கும் பொருந்தியதால், அது வீட்டின் தளமாகவும் மேசையாகவும் நாற்காலியாகவும் உருப்பெற்றது.

தொடுவதற்கு இதமான பொருள்

ஒரே அறையில் இருக்கும் இரும்பும் மரமும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. ஆயினும், குளிர்காலத்தில் இரும்பைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. மரம் அவ்வாறு இருப்பதில்லை. இரும்பு கையின் வெப்பத்தை விரைந்து கடத்திவிடுகிறது. மரத்தின் உள்ளே காற்று நிறைந்த நுண்ணிய குழாய்கள் உள்ளமையால் அது வெப்பத்தை மெல்லவே கடத்துகிறது. வெறுங்காலுடன் நடக்கும் தளத்திற்கும், கை ஊன்றும் நாற்காலிப் பிடிக்கும் மரம் ஏற்றதாவது இதனால்தான்.

மரம் வெட்டப்பட்ட பிறகும் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்கும். வறண்ட காலத்தில் அதை வெளியிடும். ஈரத்தை ஏற்கும்போது பலகை அகலவாக்கில் விரிகிறது, வறளும்போது சுருங்குகிறது. நீளவாக்கில் இம்மாற்றம் மிகக் குறைவு. கணப்பு மூட்டிய குளிர்கால அறையில் காற்று வறண்டு, தளப் பலகைகளுக்கு இடையே மெல்லிய இடைவெளி தோன்றும். இதை அறிந்த தச்சர், பலகை அசைவதற்கு இடம்விட்டே இணைப்புகளை அமைப்பார். இடம்விடாமல் இறுக்கினால் பலகை வளையும் அல்லது பிளக்கும்.

எளியோர்க்கும் அழகு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், செல்வர் வீடுகளின் கூடங்கள் கனத்த திரைகளாலும் கருநிற அறைகலன்களாலும் நிரம்பியிருந்தன. சுவீடனின் ஓவியர் கார்ல் லார்சனும் அவருடைய மனைவி காரினும் சுண்ட்போர்ன் என்னும் சிற்றூரில் இருந்த தங்கள் மரவீட்டை வேறு வகையில் அமைத்தனர். காரின் தாமே அறைகலன்களுக்கு வடிவம் தந்தார், துணிகளை நெய்தார். அவ்வீட்டின் ஒளிமிக்க அறைகளைக் கார்ல் நீர்வண்ண ஓவியங்களாகத் தீட்டி 1899இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் எல்லன் கேய் என்னும் சுவீடிய எழுத்தாளர், ‘எல்லோருக்கும் அழகு’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். அழகான வீடு செல்வர்க்கு மட்டுமே உரியதன்று. உழைப்பவர் வீடும் அழகாக இருக்கவேண்டும் என்பது அவர் கருத்து.

இக்கருத்து நிறைவேற, அறைகலன்கள் எளிமையாகவும் நெடுநாள் உழைப்பனவாகவும் அமைய வேண்டியிருந்தது. டென்மார்க்கின் கோரெ கிளிண்ட், 1924 முதல் கோபன்ஹேகன் நகரின் அரச கலைக்கழகத்தில் அறைகலன் வடிவமைப்பைக் கற்பித்தார். மனித உடலின் அளவுகளையும், வீட்டுப் பொருள்களின் அளவுகளையும் கணக்கிட்ட பின்னரே வரைபடம் வரையவேண்டும் என்று மாணவர்களைப் பழக்கினார்.

வளைந்து கொடுத்த பிர்ச்

1930ஆம் ஆண்டையொட்டி, ஐரோப்பாவில் எஃகுக் குழாய்களால் நாற்காலி செய்வது புதுமையாகக் கருதப்பட்டது. பின்லாந்தின் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ, பாய்மியோ என்னும் ஊரில் காசநோயாளருக்கான மருத்துவமனையை அப்போது அமைத்துக்கொண்டிருந்தார். நாள் முழுவதும் அமர்ந்திருக்கும் நோயாளிக்குக் குளிர்ந்த எஃகு ஏற்றதன்று என அவர் கருதினார். ஆகவே, வளைத்த பிர்ச் மரத்தால் நாற்காலி ஒன்றை 1932இல் உருவாக்கினார். நோயாளி எளிதாக மூச்சுவிடுவதற்கு ஏற்ற சாய்வில் அதன் முதுகு அமைந்தது.

அடுத்த ஆண்டில் அவர் ஒரு முக்காலியை வடிவமைத்தார். வட்டப் பலகை ஒன்று. வளைந்த கால்கள் மூன்று. பிர்ச் மரம் திண்மையானது. நேரே வளைத்தால் முறியக்கூடியது. எனவே, காலின் மேல்முனையை மரத்தின் நாரோட்டத்தை ஒட்டி மெல்லிய பிளவுகளாக அறுத்தனர். ஒவ்வொரு பிளவிலும் பசை தடவிய மெல்லிய மரச்சீவலைச் செருகினர். பிறகு அம்முனையைச் செங்கோணமாக வளைத்து, பசை உலரும்வரை அச்சில் இறுக்கி வைத்தனர். இவ்வகைக் காலைப் பலகையின் அடியில் நேராகத் திருகலாம். செதுக்கு வேலை குறைந்தது. ஆலையில் பெருமளவில் செய்யவும் முடிந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத்தக்க அம்முக்காலி இன்றும் உருவாக்கப்பட்டு வருகிறது.

டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர் செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்தவர். இளமையிலேயே தச்சுத்தொழில் கற்றவர். 1949இல் அவர் வடிவமைத்த ஒரு நாற்காலியின் முதுகு, கவட்டை போன்று இரண்டாகப் பிரியும் மரத்துண்டால் ஆனது. அதன் இருக்கை, முறுக்கிய காகிதக் கயிற்றால் கையால் பின்னப்படுகிறது. ஓர் இருக்கைக்கு ஏறத்தாழ 120 மீட்டர் கயிறு தேவைப்படுகிறது.

கூடத்தில் மரத்தை அமைக்கும் முறை

வடபுலத்துக் கூடத்தில் சில நெறிகள் பின்பற்றப்படுகின்றன.

முதலாவது, மரத்தை மறைக்காமை. கனத்த வண்ணப்பூச்சு மரத்தின் வரிகளை மறைத்துவிடும். எனவே, எண்ணெய் தேய்த்தலும் சவர்க்காரம் பூசுதலும் வழக்கமாயின. வெண்ணிறச் சவர்க்காரச் சீவலை வெந்நீரில் கரைத்து மரத்தின்மேல் தேய்ப்பர். மரத்தின் நுண்துளைகள் மெல்ல அடைபட்டு, அழுக்கு எளிதில் ஏறாது. மரத்தின் வெளிர்நிறமும் காக்கப்படும். ஆனால், இதனை அவ்வப்போது மீண்டும் செய்யவேண்டும்.

இரண்டாவது, இடம்விடுதல். சாளரத்தின்முன் உயரமான அறைகலன்களை வைப்பதில்லை. நாற்காலிகளும் இருக்கைகளும் மெல்லிய கால்கள்மேல் நிற்பதால், அவற்றின் அடியிலும் தளம் தெரிகிறது. சிறிய கூடமும் அகன்று தோன்றுகிறது.

மூன்றாவது, மரத்தோடு மென்மையான பொருள்களைச் சேர்த்தல். கம்பளி, சணல்நார்த் துணி, ஆட்டுத்தோல் ஆகியவை மரத்திற்குத் துணையாகின்றன. பழந்துணிகளைக் கிழித்து நெய்த நீண்ட விரிப்புகள் சுவீடிய வீடுகளின் மரத்தளத்தில் பல தலைமுறைகளாகக் காணப்படுகின்றன.

தெரிந்து தெளிவோம்

1950களில் டென்மார்க்கின் தச்சர்கள் பிர்ச், ஓக் ஆகியவற்றோடு தேக்கு மரத்தையும் பெரிதும் பயன்படுத்தினர். அத்தேக்கு தென்கிழக்கு ஆசியாவிலிருந்து கப்பலில் சென்றது. டேனிய மொழியில் அம்மரத்திற்கு ‘டீக்’ என்பது பெயர். தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் ‘தேக்கு’ என்னும் சொல், போர்த்துகீசியர் வாயிலாக ‘டெக்கா’ எனத் திரிந்து ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பரவியது. தென்னிந்தியச் சொல் ஒன்று கோபன்ஹேகன் தச்சுப்பட்டறைவரை சென்றிருக்கிறது.

காட்டுக்குக் கொடுக்கும் கடன்

வெட்டிய மரத்திற்கு ஈடாக மரம் நடாவிட்டால், இக்கலை ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும். இதனை வடபுல நாடுகள் பட்டே அறிந்தன. கப்பலுக்கும் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் காடழித்த டென்மார்க்கில், 1800ஆம் ஆண்டையொட்டி நூற்றில் சில பங்கு நிலமே காடாக எஞ்சியது. 1805இல் அந்நாடு காடுகளைக் காக்கச் சட்டம் இயற்றியது. சுவீடனில் 1903இல் வந்த சட்டம், மரம் வெட்டியவர் அவ்விடத்தில் மீண்டும் காடு வளர வழிசெய்யவேண்டும் என்றது. இன்று சுவீடனின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு காடாக உள்ளது.

எனினும், சிக்கல் முற்றும் தீரவில்லை. ஒரே வகை மரத்தை வரிசையாக நட்டு, ஒரே வேளையில் வெட்டும் காட்டில் பழங்காட்டின் உயிர்கள் வாழ இடமில்லை. முதிர்ந்த மரங்களில் படரும் லைக்கன், பனிமான்களுக்குக் குளிர்கால உணவாகும். பழங்காடு வெட்டப்படும்போது, பனிமான் வளர்த்து வாழும் சாமி இனமக்கள் பாதிப்படைகின்றனர். தொலைநாட்டு மரங்களும் தப்பவில்லை. ஒரு காலத்தில் டென்மார்க்கின் உயர்ந்த அறைகலன்களுக்குப் பயன்பட்ட பிரேசில் நாட்டு ஈட்டி மரம் அருகிப்போனதால், 1992 முதல் அதன் பன்னாட்டு வணிகம் கடுமையாகத் தடுக்கப்பட்டுள்ளது.

இன்று இப்பாணியைப் பின்பற்றும் பலர், மரம்போல் அச்சிட்ட தாள் ஒட்டிய பலகைகளை வாங்குகின்றனர். அவற்றின் விலை குறைவு. ஆனால் மேற்பரப்பு பெயர்ந்தால் இழைத்துச் சீர்செய்ய இயலாது. திண்மரத்தாலான மேசையில் கீறல் விழுந்தால் இழைப்புளியால் சீவி மீண்டும் பயன்படுத்தலாம். நூறு ஆண்டு வளர்ந்த மரம் நூறு ஆண்டு பயன்பட்டால், அதற்குள் மற்றொரு மரம் வளர்ந்துவிடும்.

சுவீடனின் விசிங்சோ தீவில் 1830களில், போர்க்கப்பல் கட்டுவதற்காக ஏறத்தாழ 3 இலட்சம் ஓக் மரங்கள் நடப்பட்டன. அவை முதிர்வதற்குள் கப்பல்கள் இரும்பாலும் எஃகாலும் கட்டப்படலாயின. நட்டவர் எண்ணிய பணிக்கு அம்மரங்கள் தேவைப்படவில்லை. ஆனால் ஒரு பெருங்காடு நாட்டிற்குக் கிடைத்தது.

சொல்லும் பொருளும்

அறைகலன் – நாற்காலி, மேசை முதலிய வீட்டுப் பொருள்
கணப்பு – குளிர்காய மூட்டும் தீ
கவட்டை – இரண்டாகப் பிரிந்த கிளை
நாரோட்டம் – மரத்தின் நார்கள் செல்லும் திசை
இழைப்புளி – பலகையைச் சீவி வழவழப்பாக்கும் கருவி
ஈடாக – பதிலாக
அருகிப்போதல் – எண்ணிக்கையில் மிகக் குறைதல்

மதிப்பீடு

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. காற்றிலுள்ள ஈரத்தை ஏற்கும்போது பலகை ________ வாக்கில் விரியும்.
2. ஆல்டோ முக்காலியின் கால்களுக்குப் பயன்படுத்திய மரம் ________.
3. மரம் வெட்டியவர் மீண்டும் காடு வளர வழிசெய்யவேண்டும் என்னும் சட்டம் சுவீடனில் வந்த ஆண்டு ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ஒரே அறையில் இருந்தும் மரத்தைவிட இரும்பு குளிர்ச்சியாகத் தோன்றுவது ஏன்?
2. மரத்திற்குச் சவர்க்காரம் பூசுவதன் பயன் யாது?
3. ஆல்டோ நோயாளியின் நாற்காலிக்கு எஃகைத் தவிர்த்தது ஏன்?

இ. ஒரு பத்தியளவில் விடை எழுதுக.
1. முக்காலியின் கால் வளைக்கப்பட்ட முறையைப் படிநிலை மாறாமல் விளக்குக.
2. ‘எல்லோருக்கும் அழகு’ என்னும் கருத்தும் காட்டைக் காத்தலும் ஒன்றோடொன்று முரண்படுமா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

மொழிப்பயிற்சி

மரம் என்னும் சொல்லோடு க, ச, த, ப ஆகியவற்றில் தொடங்கும் சொல் சேரும்போது, இறுதி மகரமெய் கெட்டு வல்லினம் மிகும்.
மரம் + பலகை = மரப்பலகை
மரம் + சீவல் = மரச்சீவல்
வகரத்தில் தொடங்கும் சொல் சேரும்போது மகரமெய் மட்டும் கெடும்.
மரம் + வீடு = மரவீடு

சேர்த்து எழுதுக: மரம் + தளம், மரம் + கிளை, மரம் + வேலை, மரம் + துண்டு.

நாற்காலி, முக்காலி ஆகிய சொற்களில் மறைந்துள்ள எண்ணுப்பெயர்களைக் கண்டறிந்து எழுதுக.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்னும் பழமொழியின் பொருளை எழுதி, அதனைச் சொந்தத் தொடரில் அமைக்க.

செயல்திட்டம்

உம் வீட்டிலுள்ள மேசை அல்லது அலமாரி ஒன்றின் மேற்பரப்பையும் விளிம்பையும் உற்றுநோக்குக. மேற்பரப்பின் வரிகள் விளிம்பிலும் தொடர்கின்றனவா? ஒரே வகைக் கணு சம இடைவெளியில் மீண்டும் மீண்டும் வருகிறதா? வரிகள் தொடர்ந்தால் அது திண்மரமாக இருக்கலாம்; ஒரே கணு மீண்டும் வந்தால் அது அச்சிட்ட தாளாக இருக்கலாம். அப்பொருள் எந்த மரத்தால் ஆனது, எத்தனை ஆண்டுகளாகப் பயன்படுகிறது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் தமிழில் கேட்டறிந்து, பத்துத் தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக்காட்டுக.