கல்லீரல் பயாப்ஸி: அஞ்சவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்

"கல்லீரலில் ஊசி செலுத்திக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டும்" என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பயாப்ஸி என்றாலே புற்றுநோய்தான் என்று லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கும்போதுகூட நாலு பேர் சொல்லிவிட்டார்கள். அது தவறு என்பதை அனுபவத்தில் அறிந்தேன். நம் சங்கத்து அன்பர்களுக்கும் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

இரத்தப் பரிசோதனை கல்லீரல் கெட்டிருப்பதைக் காட்டும். ஏன் கெட்டது, உள்ளே எவ்வளவு தழும்பு விழுந்திருக்கிறது என்பதைப் பல சமயம் சதைத் துணுக்குதான் சொல்லும். நம் வங்காளத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 1983-இல் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் இருந்த ஆர்செனிக் நஞ்சால் தோல் நோய் கண்டவர்களைக் கொல்கத்தா வெப்பமண்டல நோய் மருத்துவப் பள்ளியின் டாக்டர் கே.சி. சாஹா அடையாளம் கண்டார். பின்னர் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையில் டாக்டர் குஹ மஜும்தார் குழுவினர் இத்தகைய நோயாளிகளுக்குப் பயாப்ஸி செய்தபோது, கல்லீரலிலும் தழும்பு விழுந்திருப்பது தெரிந்தது.

இப்போது ஃபைப்ரோஸ்கேன் என்னும் வலியில்லாக் கருவி வந்துவிட்டதால் எல்லோருக்கும் ஊசி தேவையில்லை. "எனக்கு அது போதாதா?" என்று தயங்காமல் கேளுங்கள். நானும் கேட்டேன். காரணம் தெரியாததால் பயாப்ஸிதான் வேண்டும் என்று டாக்டர் விளக்கினார்.

இனி நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுபவன் நான். மூட்டு வலிக்கு நாட்டு மருந்தும் உண்டு. சொன்னால் தேதி தள்ளிப்போகும், பையன் பெங்களூரிலிருந்து லீவு போட்டு வந்திருக்கிறானே என்று வாயை மூடிக்கொண்டேன். என் மனைவிதான், "ஏன்னா, உயிரைவிட டிக்கெட் பெரிசா?" என்று கேட்டு, டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தேதி ஒரு வாரம் தள்ளிப்போனது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவை இரத்தம் உறைவதைத் தடுப்பவை. கல்லீரலோ இரத்தம் நிறைந்த உறுப்பு. எதை, எத்தனை நாள் நிறுத்துவது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். நாமாக நிறுத்துவதும் ஆபத்து.

அடுத்தது சம்மதப் படிவம். வங்காளியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வங்காளி படிக்கத் தெரிந்த பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

முதலில் பிளேட்லெட் எண்ணிக்கையும் இரத்தம் உறையும் நேரமும் பார்த்தார்கள். அன்று காலை வெறும் வயிறு. அல்ட்ராசவுண்டில் இடம் பார்த்து, வலது விலாப் பக்கம் மரத்துப் போகும் ஊசி போட்டார்கள். "மூச்சை வெளியே விட்டு அப்படியே அடக்குங்கள் தாதா" என்றார் டாக்டர். ஒரு சின்ன உதைபோல இருந்தது, அவ்வளவுதான். 1958-இல் இத்தாலிய மருத்துவர் மெங்கினி, ஊசி கல்லீரலுக்குள் ஒரு நொடியே இருக்கும் முறையை வெளியிட்டார். அதன்பின் இது உலகெங்கும் பரவியது. எடுப்பது பென்சில் ஈயம்போல் மெல்லிய, ஓரிரு சென்டிமீட்டர் நீளத் துணுக்குதான். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் இரத்தம் எளிதில் உறையாதவர்களுக்கும் கழுத்துச் சிரை வழியாக எடுப்பதுண்டு.

பிறகு பல மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அடிக்கடி பார்ப்பார்கள். வலது தோளில் லேசான வலி சகஜம். பெரிய இரத்தக் கசிவு அரிது. வந்தால் பெரும்பாலும் முதல் நாளுக்குள்ளேயே தெரிந்துவிடும். அதனால் அன்றிரவு தனியாக இருக்கக் கூடாது. வயிற்றுவலி கூடினாலோ, மயக்கம், படபடப்பு, மூச்சுத் திணறல், காய்ச்சல், கருப்பு மலம் கண்டாலோ விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஒரு வாரம் கனமான பொருள் எதையும் தூக்காதீர்கள்.

என் முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் நோயாம். அதற்கு மருந்து உண்டு; சாப்பிட்டு வருகிறேன். பயந்து மறுத்திருந்தால் நோய் உள்ளுக்குள்ளேயே வளர்ந்திருக்கும். மாத்திரையை மறைத்திருந்தால் ஊசியே வினையாகியிருக்கும். டாக்டரிடம் கேட்பதற்கும் சொல்வதற்கும் கூச்சப்படாதீர்கள்.